எரிமலை இல்லாத தீவில் எரிமலைக் கண்ணாடி: மத்தியதரைக் கடல் அப்சிடியன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மால்டா தீவு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அங்கே எரிமலையும் இல்லை, எரிமலைப் பாறையும் இல்லை. ஆனாலும் ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே குடியேறிய உழவர்களின் வீட்டுத் தரைகளில் அப்சிடியன் என்ற கருப்பு எரிமலைக் கண்ணாடியின் சில்லுகள் கிடைக்கின்றன. கடல் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். எங்கிருந்து என்ற கேள்விக்கு இன்று ஏறக்குறைய ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிவிட முடிகிறது. தொல்லியலில் இவ்வளவு தெளிவான விடை கிடைக்கும் கேள்விகள் மிகக் குறைவு. அதனாலேயே எனக்கு இந்தத் துறை மேல் தனிப் பிரியம். புதிதாகப் படிக்க வருபவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அப்சிடியன் என்றால் என்ன? அதைத் தேடிக் கடல் தாண்டும் அளவுக்கு என்ன அவசியம்?

சிலிக்கா மிகுந்த எரிமலைக் குழம்பு வேகமாகக் குளிர்ந்து கண்ணாடியாக உறைந்தால் அதுதான் அப்சிடியன். எடையில் சுமார் 70 சதவீதமோ அதற்கு மேலோ சிலிக்கா. குழம்பு அவ்வளவு கெட்டியாக இருப்பதால், உள்ளே இருக்கும் அணுக்கள் படிகமாக அடுக்கிக்கொள்வதற்குள் இறுகிப்போகிறது. படிகமும் மணிகளும் இல்லாததால் தட்டினால் எந்தப் பக்கமும் சீராக, சிப்பி ஓட்டின் உட்புறம் போன்ற வளைவோடு உடைகிறது. உடைந்த விளிம்பு எஃகுக் கத்தியைவிடக் கூர்மையானது.

தோல் உரிக்க, இறைச்சி அறுக்க, நாணல் வெட்ட, மரம் சீவ எல்லாவற்றுக்கும் கற்காலத்தில் கல்தான் கத்தி. மால்டாவில் உள்ளூரில் கிடைத்த சக்கிமுக்கிக் கல் தரம் குறைந்தது. நல்ல கல் வேண்டுமென்றால் கடலைத் தாண்டிச் சிசிலிக்குப் போக வேண்டும், அங்கிருந்து அது வரவும் செய்தது. அப்சிடியன் அதைவிடக் கூர்மை, அதைவிட அழகு. பளபளக்கும் அந்தக் கருப்பு அவர்களுக்குப் பிடித்திருந்தது என்று நினைப்பதில் தவறில்லை. வெறும் பயனுக்காக மட்டும் மனிதர்கள் எப்போதும் பொருள் தேடியதில்லை.

மத்தியதரைக் கடலில் எரிமலைகள் நிறைய இருக்கின்றனவே, எல்லாவற்றிலும் கிடைக்காதா?

கிடைக்காது. இந்தத் துறையின் அதிர்ஷ்டமே அதில்தான் இருக்கிறது. சிசிலியின் எட்னா பிரம்மாண்டமான எரிமலை, ஆனால் அது கக்குவது சிலிக்கா குறைந்த பசால்ட் குழம்பு. அதிலிருந்து கருவி செய்யத்தக்க கண்ணாடி வராது. தேரா என்கிற சாண்டோரினி உலகப் புகழ்பெற்ற எரிமலைத் தீவு. அங்கே அக்ரோதிரி நகரத்தில் வாழ்ந்தவர்களோ பக்கத்துத் தீவான மெலோஸின் அப்சிடியனைத்தான் பயன்படுத்தினார்கள்.

மேற்குப் பகுதியில் நான்கே நான்கு இடங்கள்தான் முக்கியம்: சிசிலிக்கு வடக்கே லிபாரி, சிசிலிக்கும் துனிசியாவுக்கும் இடையே பான்டெல்லேரியா, ரோம் நகருக்குத் தென்கிழக்கே கடலில் பல்மரோலா, சார்டினியாவின் மேற்கில் மோன்டே ஆர்ச்சி மலை. கவனியுங்கள், நான்கும் தீவுகளில்! மேற்கு மத்தியதரைக் கடலோரத்தில் எங்கே அப்சிடியன் கிடைத்தாலும், மிகப் பெரும்பாலும் அது ஒருமுறையாவது படகில் ஏறிய கல்.

கிழக்கே ஏஜியன் கடலில் மெலோஸ்தான் பெரியது. அங்கே ஸ்டா நிக்கியா, டெமெனெகாகி என்று இரண்டு இடங்கள். அந்திபாரோஸில் சிறு உருண்டைகள் மட்டும் கிடைக்கும். நிசிரோஸ் அருகே யாலி என்ற குட்டித் தீவில் வெள்ளைப் புள்ளி போட்ட அப்சிடியன் இருக்கிறது. அதற்கும் கிழக்கே துருக்கியின் கப்படோக்கியாவில் கொல்லு தாக், நெனெசி தாக் மலைகள்.

கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிட முடியாதா?

சிலவற்றை முடியும். பான்டெல்லேரியாவின் கல்லை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பச்சை தெரியும், காரணம் அதிலுள்ள மிகுதியான இரும்பு. யாலியின் வெள்ளைப் புள்ளிகளையும் அடையாளம் கண்டுவிடலாம். லிபாரியின் கல் பெரும்பாலும் சாம்பல் கலந்த கருப்பு, ஒளி ஊடுருவும். ஆனால் லிபாரி, பல்மரோலா, சார்டினியாவின் கண்ணாடித்தன்மை மிகுந்த வகை மூன்றையும் ஒன்றாகக் கொட்டினால் பழகிய கண்ணும் தடுமாறும். விரல் நகம் அளவுச் சில்லுகளில் இன்னும் கஷ்டம். ஆகவே கண் பார்வை முதல் வடிகட்டலுக்கு மட்டும் உதவும். முடிவு சொல்ல வேதியியல் வேண்டும்.

சரி, வேதியியல் எப்படி முடிவு சொல்கிறது?

சிலிக்கா, அலுமினியம் போன்ற முக்கியப் பொருள்கள் பல அப்சிடியன்களில் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். வித்தியாசம் பத்து லட்சத்தில் சில பங்கு, சில நூறு பங்கு என்று மிகச் சிறிய அளவில் இருக்கும் தனிமங்களில்தான் தெரிகிறது. ருபிடியம், ஸ்ட்ரான்ஷியம், இட்ரியம், சிர்கோனியம், நியோபியம், பேரியம் ஆகியவை இந்த வேலையில் அடிக்கடி வரும் பெயர்கள்.

நிலத்தடியில் பாறை உருகும்போதும், குழம்பு தேங்கி நின்று அதிலிருந்து படிகங்கள் ஒவ்வொன்றாகப் பிரியும்போதும் சில தனிமங்கள் படிகத்தோடு போய்விடும், சில குழம்பிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு எரிமலைக்கும் இந்த வரலாறு வேறு. கடைசியில் வெளியே வரும் குழம்பில் அந்த வரலாறு பதிந்திருக்கும். மற்றப் பாறைகளில் இங்கே ஒரு மணி, அங்கே ஒரு மணி என்று கலவை மாறும். அப்சிடியனோ கண்ணாடி. ஒரே ஓட்டத்தில் எந்த மூலையிலிருந்து எடுத்தாலும் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஓட்டத்துக்கு உள்ளே வித்தியாசம் குறைவு, ஓட்டத்துக்கு ஓட்டம் வித்தியாசம் அதிகம் என்ற இந்த இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் இந்தக் கல் தொல்லியலுக்கு வரமாக அமைந்தது. மட்பாண்டக் களிமண்ணை வைத்து இதே வேலையைச் செய்ய முயல்பவர்களுக்கு இந்த வசதி எளிதில் வாய்ப்பதில்லை.

ஓர் உதாரணம். பான்டெல்லேரியா அப்சிடியனில் சிர்கோனியம் பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டும். லிபாரியில் அது இருநூறை ஒட்டித்தான் இருக்கும். இந்த இரண்டில் குழப்பம் வர வழியே இல்லை.

இதை முதலில் செய்தது யார்?

1964-இல் ஜோ கேன், காலின் ரென்ஃப்ரூ இருவரும் வெளியிட்ட கட்டுரைதான் தொடக்கம். கேன் நிலவியலாளர். ரென்ஃப்ரூ அப்போது கேம்பிரிட்ஜில் ஏஜியனின் சைக்ளடீஸ் தீவுகளை ஆராய்ந்துகொண்டிருந்த இளைஞர். கல்லைப் பொடியாக்கி, எரித்து, அது வெளியிடும் ஒளியின் நிறமாலையைப் படித்து, பேரியம், சிர்கோனியம் உள்ளிட்டவற்றின் அளவைக் கணக்கிட்டார்கள். அதற்கு முன்பு நிறத்தையும் ஊகத்தையும் நம்பித்தான் பேசினார்கள்.

அந்த முதல் முறையில் சில மூல இடங்கள் பிரியாமல் ஒன்றாகவே தெரிந்தன. 1976-இல் ஹாலம், வாரன், ரென்ஃப்ரூ மூவரும் நியூட்ரான் முறையையும் (கல்லை நியூட்ரான்களால் தாக்கி, பிறகு அது உமிழும் கதிரை அளப்பது) சேர்த்து மேற்கு மத்தியதரைக் கடல் மாதிரிகளை அலசினார்கள். சார்டினியாவின் ஒரே மலையில் வேதியியல் அளவில் வேறுபட்ட பல வகைகள் இருப்பது அதில் தெளிவானது. எஸ்ஏ, எஸ்பி, எஸ்சி என்று இன்றும் சொல்லும் பெயர்கள் அப்போது வந்தவை. எஸ்பி பின்னர் இரண்டாகவும் பிரிந்தது. அப்புறம் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் டைகாட் மோன்டே ஆர்ச்சியில் ஒவ்வொரு பாறை வெளிப்பாட்டையும் தேடி மாதிரி எடுத்து இந்தப் படத்தை நிறைவாக்கினார். மூல இடத்தை ஒழுங்காக ஆராயாமல் சில்லை மட்டும் அலசிப் பயனில்லை. ஒப்பிட ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

அருங்காட்சியகத்தில் இருக்கும் பொருளை உடைத்துத்தான் சோதிக்க வேண்டுமா?

இப்போது வேண்டாம். பெரும்பாலான வேலைக்குக் கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியே போதும். எக்ஸ்-கதிர் பட்டதும் கல்லில் உள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி உமிழும். அதை எண்ணினால் அளவு தெரியும். ஒரு சில்லுக்குச் சில நிமிடம், கல்லுக்குச் சிறு கீறலும் விழாது. சில்லு மிகச் சிறியதாகவோ தாள் போல மெல்லியதாகவோ இருந்தால் எண்கள் தவறும், அங்கே கவனம் வேண்டும். இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால் லேசரால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழி போட்டு, கிளம்பும் ஆவியை அலசும் முறை உண்டு.

முற்றிலும் வேறு வழியும் இருக்கிறது. கண்ணாடியில் உள்ள யுரேனியம் அவ்வப்போது தானாகப் பிளந்து நுண்ணிய தடங்களை விட்டுச்செல்லும். அவற்றை எண்ணினால் குழம்பு எப்போது உறைந்தது என்று தெரியும். மோன்டே ஆர்ச்சியின் கல் சுமார் 30 லட்சம் ஆண்டு பழமை. பல்மரோலா அதில் ஏறக்குறைய பாதி. லிபாரியின் கல்லுக்கோ பத்தாயிரம் ஆண்டுகூட ஆகவில்லை.

மால்டாவுக்கு அப்சிடியன் எங்கிருந்துதான் வந்தது?

லிபாரி, பான்டெல்லேரியா இரண்டிலிருந்தும். 1961 முதல் 1963 வரை டேவிட் டிரம்ப் அகழ்ந்த ஸ்கோர்பா என்ற ஊர்தான் இதற்கு நல்ல சாட்சி. மால்டாவின் மிகப் பழைய உழவர் குடியிருப்புக் காலத்திலிருந்து கோயில்கள் எழுந்த காலம் வரை அங்கே அடுக்கடுக்காக மண் இருக்கிறது. அந்த அடுக்குகளில் இரண்டு தீவுகளின் கல்லும் உண்டு.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பான்டெல்லேரியா மால்டாவிலிருந்து சுமார் 200 கி.மீ. வடமேற்கே. லிபாரி நேர்கோட்டில் 280 கி.மீ. தள்ளி, நடுவே சிசிலித் தீவு முழுதும் குறுக்கே கிடக்கிறது. பக்கத்தில் ஒன்று இருக்க, தூரத்துக் கல் ஏன் வர வேண்டும்? தூரம் மட்டும் எதையும் முடிவு செய்யவில்லை என்பதே இதற்கு அர்த்தம். பான்டெல்லேரியாவுக்குப் போவதென்றால் வெறும் திறந்த கடல். லிபாரி வழி அப்படி இல்லை. லிபாரியிலிருந்து சுமார் 30 கி.மீ. கடலைத் தாண்டினால் சிசிலி, அதன் கரையோரமெங்கும் ஊர்கள், தெற்கு முனையிலிருந்து சுமார் 90 கி.மீ. கடந்தால் மால்டா. உறவும் கொடுக்கல் வாங்கலும் இருந்த வழியில் கல் வந்தது.

இதை மட்பாண்டமும் சொல்கிறது. ஸ்கோர்பாவில் கிடைத்த சிவப்பு மெருகுப் பாண்டங்கள் லிபாரியின் டயானா என்ற இடத்தின் பெயரில் அறியப்படும் சிவப்புப் பாண்டங்களுக்கு நெருங்கிய உறவு. இத்தாலியில் லிபாரி அப்சிடியன் மிகப் பரவலாகப் போன காலமும் அந்த டயானா பாண்டக் காலம்தான். கல்லும் கலையும் ஒரே பாதையில் பயணம் செய்திருக்கின்றன. சிசிலியின் சக்கிமுக்கிக் கல்லும் இதே வழியில்தான் வந்திருக்க வேண்டும்.

கி.மு. 3600-ஐ ஒட்டி மால்டாவில் பெருங்கல் கோயில்கள் எழத் தொடங்கின. ஜிகான்டியா, ஹஜார் இம், தர்ஷியன் எல்லாம் இந்த மரபு. உலகில் வேறெங்கும் இல்லாத அந்தக் கட்டடக்கலையைப் பார்த்து, மால்டா மக்கள் வெளியுலகத் தொடர்பை அறுத்துக்கொண்டு தனியாக வளர்ந்தார்கள் என்று சொல்வது வழக்கம். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. கோயில் கால அடுக்குகளிலும் அப்சிடியன் இருக்கிறது. அதில் கொஞ்சம் முன்னோர் விட்டுச்சென்ற பழைய சில்லாக இருக்கலாம், உண்மைதான். ஆனால் கடலோடும் வழக்கம் அடியோடு நின்றுபோன ஒரு தீவின் சித்திரத்தோடு அது பொருந்தவில்லை.

லிபாரியில் இன்று பார்க்கும் அப்சிடியன் ஓட்டம்தானா அது?

சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் ரொக்கே ரோசே ஓட்டம் இடைக்காலத்தில் வெளிவந்தது. கற்கால மனிதர்கள் அதைப் பார்த்ததே இல்லை. அவர்கள் எடுத்தது கபெல்லொட்டோ பள்ளத்தாக்குப் பக்கம் இருந்த பழைய ஓட்டத்திலிருந்து. அது வெடித்து உறைந்தது சுமார் எட்டரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. அதற்குப் பிறகு உழவர்கள் லிபாரிக்கு வந்து குடியேறிக் கல்லை ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள்.

சார்டினியாவின் கல் எங்கே போனது?

வடக்கே. போனிஃபாசியோ நீரிணை குறுகலான இடத்தில் சுமார் 12 கி.மீ.தான், அதைத் தாண்டினால் கோர்சிகா. அங்கே சொந்த அப்சிடியன் கிடையாது, பயன்படுத்தியது பெரும்பாலும் சார்டினியாவின் கல். அங்கிருந்து வட இத்தாலிக்கும் தென் பிரான்சுக்கும் போனது. கோர்சிகாவில் எஸ்ஏ, எஸ்பி, எஸ்சி எல்லாம் கலந்து கிடைக்கும். பிரான்சில் பெரும்பாலும் எஸ்ஏ, அதாவது ஒளி ஊடுருவும் நல்ல கண்ணாடி. தூரம் போகப் போகத் தரம் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். ஒரே மலையை உள்வகைகளாகப் பிரிக்கும் வேதியியல் இல்லாமல் இதைத் தெரிந்துகொண்டிருக்கவே முடியாது.

வட இத்தாலியில் லிகுரியாவின் அரேனே கான்டிடே குகை போன்ற இடங்களில் சார்டினியா, பல்மரோலா, லிபாரி மூன்று கல்லும் சேர்ந்து கிடைக்கின்றன. அப்சிடியன் உள்ள சார்டினியாவுக்கு மட்டும் வெளிக் கல் வரவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

வட ஆப்பிரிக்காவுக்கும் போனதா?

போனது. துனிசியக் கரையில் ஹெர்க்லாவில் கிடைத்த அப்சிடியன் பான்டெல்லேரியாவினுடையது. லாம்பெதூசா தீவிலும் அதே கல்.

எவ்வளவு பழைய காலத்திலிருந்து கடலில் போனார்கள்?

என்னை இன்றும் வியக்க வைக்கும் பகுதி இது. கிரீஸின் அர்கோலிட் பகுதியில் ஃபிராங்க்தி என்ற குகை இருக்கிறது. அங்கே கி.மு. 11,000-ஐ ஒட்டிய அடுக்குகளில் மெலோஸ் அப்சிடியன் கிடைத்தது. மெலோஸ் அங்கிருந்து நூறு கி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கும் தீவு. அப்போது கடல் மட்டம் இன்றைவிட மிகத் தாழ்ந்திருந்ததால் தீவுகள் பெரிதாகவும் இடைவெளி குறைவாகவும் இருந்தன. இருந்தாலும் திறந்த கடலைக் கடக்காமல் மெலோஸை எட்ட வழியில்லை. விவசாயம் வரவில்லை, பானை செய்யத் தெரியாது, ஊர் என்று ஒன்று கிடையாது. அந்த வேட்டைக்காரர்கள் கண்ணுக்குத் தெரியாத தீவில் ஒரு குறிப்பிட்ட கல் இருப்பதைத் தெரிந்துவைத்து, போய், எடுத்துக்கொண்டு திரும்பியும் வந்திருக்கிறார்கள். அந்தப் படகில் ஒரு பலகைகூட இன்று மிச்சமில்லை. சாட்சி சொல்வது கல் மட்டும்தான்.

கிழக்கே சைப்ரஸிலும் இதே கதை. ஷிலூரோகம்போஸ் என்ற இடத்தில் கி.மு. 8000-க்கும் முந்தைய அடுக்குகளில் கொல்லு தாக் மலையின் அப்சிடியன் இருக்கிறது. மலையிலிருந்து கரைக்கு நெடிய நடை, அப்புறம் கடல். கிரீட்டின் நொசோஸில் கி.மு. 7000-ஐ ஒட்டி வந்திறங்கிய முதல் உழவர்களும் மெலோஸ் கல்லைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

மூல இடம் தெரிந்துவிட்டால் அங்கே வணிகம் இருந்தது என்று சொல்லிவிடலாமா?

கூடாது. செய்திக் கட்டுரைகள் அதிகம் தவறுவது இங்கேதான். வேதியியல் சொல்வது கல் பிறந்த இடத்தை. அதை யார் எடுத்தார்கள், எத்தனை கை மாறியது, விலை கொடுத்தார்களா, கல்யாணச் சீராகக் கொடுத்தார்களா என்பதை அது சொல்லாது. அதற்கு வேறு தடயங்கள் வேண்டும்.

முதலாவது, அளவு தூரத்தோடு எப்படிக் குறைகிறது என்பது. துருக்கி மூல இடங்களைச் சுற்றி சுமார் 300 கி.மீ. வரை உள்ள ஊர்களில் சில்லுக் கருவிகளில் 80 சதவீதத்துக்கு மேல் அப்சிடியனாக இருப்பதையும், அதைத் தாண்டியதும் மளமளவென்று குறைவதையும் ரென்ஃப்ரூவும் கூட்டாளிகளும் காட்டினார்கள். பந்தியின் தலைமாட்டில் கொடுத்த பிரசாதம் கைமாறிக் கைமாறிக் கடைசி ஆளுக்குத் துளியாகப் போய்ச் சேருவது போல, ஊருக்கு ஊர் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை அனுப்பினால் இந்த வடிவம்தான் வரும். ஆனால் இது நிலப்பரப்புக்குப் பொருந்துகிற அளவுக்குத் தீவுகளுக்குப் பொருந்தாது. கடலில் நடுவழியில் நின்று பங்கு பிரிக்க ஊர் இல்லை.

இரண்டாவது தடயம், கழிவு. ஓர் ஊரில் மேல்தோலோடு கூடிய கல், பெரிய செதில்கள், சில்லுகளை உடைத்தெடுத்த பின் மிஞ்சும் நடுக்கல் எல்லாம் கிடைத்தால் கல் பாளமாக வந்து அங்கேயே உடைபட்டது. வெறும் மெல்லிய கத்திச் சில்லுகள் மட்டும் இருந்தால் வேறெங்கோ செய்து அனுப்பியிருக்கிறார்கள். மோன்டே ஆர்ச்சி அருகே பாவ் ஊரின் சென்னிசெத்துவில் பரப்புப் பரப்பாகக் கிடக்கும் கழிவு, அங்கே பட்டறைகள் இருந்ததைக் காட்டுகிறது.

மூன்றாவது, மூல இடத்தையே பார்ப்பது. மெலோஸின் ஃபிலாகோபி நகரம் அப்சிடியனைக் கட்டுப்படுத்தி, விற்றுச் செழித்தது என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்பினார்கள். ராபின் டாரென்ஸ் அங்கே கல் வெட்டி எடுத்த இடங்களையே நேரில் ஆராய்ந்தார். காவலோ, வேலியோ, தேர்ந்த தொழிலாளர்களின் சீரான வேலையோ அங்கே தென்படவில்லை. வந்தவர்கள் வேண்டியதை உடைத்து எடுத்துக்கொண்டு போனதற்கான அடையாளங்களே இருந்தன. வேதியியல் முடிவு ஒன்றுதான், ஆனால் அதைச் சுற்றிச் சொல்லப்பட்ட கதை தலைகீழாக மாறிவிட்டது.

எரிமலைக்குப் போய்த்தான் எடுத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மோன்டே ஆர்ச்சியின் கட்டிகள் ஓடைகளில் உருண்டு அடிவாரத்துக்கும் வந்திருக்கின்றன. அங்கே பொறுக்கினாலும் வேதியியல் அளவு அதேதான். மேல்தோல் நீரில் உருண்டு மழமழப்பாகியிருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரியும்.

எப்போது இந்தக் கல்லை விட்டார்கள்?

செம்பும் வெண்கலமும் பரவப் பரவத் தேவை குறைந்தது, ஆனால் ஒரே நாளில் நிற்கவில்லை. சார்டினியாவில் வெண்கலக் கால நுராகி கோபுரங்களின் காலத்திலும் பயன்பட்டது. கிரீட்டில் அது ஆடம்பரப் பொருளாகவும் ஆனது. சாக்ரோஸ் அரண்மனையில் கிடைத்த, யாலியின் புள்ளிக் கல்லைக் குடைந்து செய்த கிண்ணம் ஹெராக்லியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணாடியைப் போல உடையும் கல்லில் அவ்வளவு மெல்லிய வேலை செய்தவரின் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கும்.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

லிபாரியில் லூயிஜி பெர்னாபோ பிரேயா பெயரிலுள்ள அருங்காட்சியகம் முதலிடம். அந்தத் தீவின் கோட்டை மேட்டை மதலேன் கவாலியேயுடன் சேர்ந்து பல ஆண்டுகள் அகழ்ந்தவர் அவர். சார்டினியாவின் பாவ் ஊரில் அப்சிடியனுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, மலையும் பக்கத்திலேயே. மால்டாவில் வலெட்டாவின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே எல்லோரும் தூங்கும் பெண் சிலையைத் தேடிப் போவார்கள், பார்க்க வேண்டியதுதான். கற்காலக் கருவிகள் இருக்கும் பெட்டிகளின் முன்னாலும் கொஞ்சம் நின்று பாருங்கள்.